பல் மட்டும் தெரிந்த மாப்பிள்ளை

சாப்பாட்டு மேஜையில் அப்பா அந்தப் படத்தை வைத்த விதம், கட்டி முடித்த கப்பலைக் கடலில் இறக்குவது போல இருந்தது. நாங்கள் எல்லோரும் கழுத்தை நீட்டினோம்.

படத்தில் நான் இருந்தேன். எனக்கே என் மீது பொறாமை வரும் அளவுக்கு இருந்தேன். வெள்ளை உடையின் ஒவ்வொரு மடிப்பும், காதோரம் பறந்த ஒற்றை முடியும் கூடத் துல்லியமாக விழுந்திருந்தன. எனக்குப் பின்னால் ஓர் இருட்டு நின்றது. இருட்டுக்கு நடுவே, தலை இருக்க வேண்டிய உயரத்தில், ஒரு வரிசைப் பற்கள் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தன.

என் வருங்கால மாமியார் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"உங்க பொண்ணு ரொம்ப லட்சணமா விழுந்திருக்கா, சம்பந்தி."

அப்பா தலையை லேசாகத் தாழ்த்தி அந்தப் பாராட்டைப் பெற்றுக்கொண்டார்.

"என் பையன் எப்ப வந்து நிப்பான்?"

"நிக்கிறாரே, பின்னாடி." அப்பா சுண்டுவிரலால் சுட்டினார். "இதோ, பல்லு."

பற்களுக்குச் சொந்தக்காரர் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். நீச்சல் சொல்லிக்கொடுக்கிற வேலை. ஆறடி உயரம், நாள் முழுக்க வெயிலும் தண்ணீருமாக இருந்து நன்றாக விளைந்த கருமை. எங்கள் வீட்டில் அவருக்கு 'நீச்சல்' என்றே பெயராகிவிட்டது. அப்பா மட்டும் 'தம்பி' என்பார். நிச்சயம் ஆன பிறகும் அந்தத் 'தம்பி' மாறவில்லை.

"நல்லாத்தான் இருக்கு மாமா," என்றார் நீச்சல். "பல் டாக்டர் கடை போர்டுல போடலாம்."

நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

இதில் சிரிக்க முடியாத ஒரு விஷயம் இருந்தது. அந்தப் படம் எங்கள் கல்யாணக் கார்டுக்கு. நான் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அப்பா என்னிடம் வாக்கு வாங்கிவிட்டார்: "உன் கல்யாணக் கார்டுல வர்ற படத்தை நான்தான் எடுப்பேன். ஃபிலிம்ல. வேற எவனையும் உள்ள விடமாட்டேன்." நானும் சரி என்று சொல்லிவிட்டேன். அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, வேறொரு பிடிவாதம். கார்டு கையில் வந்து, அதைப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் மண்டபத்துக்குத் தேதி சொல்வார். இரண்டு பிடிவாதங்களுக்கும் நடுவில் என் கல்யாணம் நின்றுகொண்டிருந்தது, பாதி மாடியில் மாட்டிக்கொண்ட லிஃப்ட் மாதிரி.

லிஃப்ட் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அப்பா லிஃப்ட் பரிசோதகர். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களில் ஏறி இறங்கி, கயிறு சரியா, பிரேக் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். மீதி நேரமெல்லாம் கேமராதான். எங்கள் வீட்டில் ஒரே ஒரு குளியலறை. அதன் ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை, கதவிடுக்குக்குத் துண்டு, வாஷிங் மெஷின் மேல் படம் பெரிதாக்கும் கருவி, தொட்டியின் மேல் பலகை போட்டு அதில் மூன்று தட்டுகள். அப்பா உள்ளே போய்ச் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டால் மற்றவர்களுடைய அவசரங்கள் எல்லாம் பக்கத்து வீட்டைத்தான் நம்ப வேண்டும்.

அத்தை அந்தப் படத்தை எடுத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அது அவர் பழக்கம். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே பிரிவை ஆண்டு ஓய்வு பெற்றவர். எந்தத் தாளைக் கொடுத்தாலும், அது மின்சாரக் கட்டண ரசீதாக இருந்தாலும், முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத்தான் பார்ப்பார்.

"காண்ட்ராஸ்ட் சரியில்ல, சம்பந்தி. நெஞ்சுப் படத்துல நெஞ்சே தெரியலன்னா டாக்டர் என்னைச் சும்மா விடுவாரா?"

"அத்தை, பேசாம செல்போன்ல ஒண்ணு எடுத்து..." என்று நான் ஆரம்பித்தேன்.

அப்பாவும் அத்தையும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

"செல்போனா!" என்றார் அப்பா.

"எலும்பே தெரியாது," என்றார் அத்தை.

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற அம்மா இதையெல்லாம் கேட்டுப் பெருமூச்சு விட்டாள். "நீங்க பல்லாவது தெரியுதேன்னு சந்தோஷப்படுங்க சம்பந்தி. எனக்கு அதுவும் கிடையாது. இவர் எடுக்குற படத்துல நான் எங்க நின்னாலும் தெரியமாட்டேன். அதனால நான் படம் எடுக்கும்போது ஒதுங்குறதையே விட்டுட்டேன். குறுக்க நெடுக்க நடந்து என் வேலையைப் பார்ப்பேன்."

"அது வீட்டு வெளிச்சம் அப்படி," என்றார் அப்பா.

"வெளிச்சமா? வெளிச்சம் எல்லாம் உங்க பொண்ணு மேல மட்டும் விழுமா?"

அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி எடுப்பதாக முடிவாயிற்று. இந்த முறை ஃபிலிமைக் கழுவும்போது தானும் கூட இருப்பேன் என்று அத்தை அறிவித்தார். ரசாயன நாற்றமெல்லாம் தனக்குப் பன்னீர் மாதிரி என்றார்.

ஞாயிறு காலை வெயில் சுள்ளென்று இருந்தது. எங்கள் வீட்டு முன்வாசலில் நான்கு படிகள். கீழ்ப்படியில் நான், வெயிலில், அதே வெள்ளை உடையில். மேல்படியில் வாசல் கூரையின் நிழலுக்குள் நீச்சல், கருநீலக் கோட்டில். அப்பா வழக்கம்போல ஒளியளக்கும் மீட்டரை என் தாடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பிடித்தார். முள் நகர்ந்ததைப் பார்த்துத் தலையாட்டினார். கேமராவுக்குப் போனார். க்ளிக்.

பிறகு அப்பாவும் அத்தையும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நானும் நீச்சலும் அம்மாவும் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். பிரசவ அறைக்கு வெளியே உட்கார்ந்த மாதிரி இருந்தது. உள்ளே இருந்து குரல்கள் மட்டும் வந்தன.

"சம்பந்தி, அது டெவலப்பர். அதுக்குள்ள விரலை விடாதீங்க."

"சூடு பார்த்தேன். பச்சைத்தண்ணி மாதிரி இருக்கு. இதுல போட்டா படம் எப்படி ஏறும்? கொஞ்சம் வெந்நீர் ஊத்துங்க."

"வெந்நீரா! இது என்ன துணி துவைக்கிறதா?"

"எங்க டிபார்ட்மென்ட்ல நான் கழுவின படத்துல மயிரிழை மாதிரி விரிசல் கூடத் தெரியும். ஊத்துங்கன்னா ஊத்துங்க. நேரமும் பத்தாது. இன்னும் ஊறட்டும்."

"ஊறினா வெள்ளையெல்லாம் வெந்துடும்மா!"

"வேகட்டும். அப்பதான் என் பையன் எழுந்து வருவான்."

"கதவைத் தட்டலாமா?" என்றார் நீச்சல் மெதுவாக.

"எதுக்கு?"

"அவசரம்."

"பக்கத்து வீட்டுக்குப் போ," என்றேன். "மாப்பிள்ளைன்னு சொல்லு, விட்டுடுவாங்க."

அவர் திரும்பி வந்து வெகு நேரம் கழித்து, ஃபிலிம் காய்ந்து படம் காகிதத்தில் விழுந்த பிறகுதான், குளியலறைக் கதவு திறந்தது. அப்பாவின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் படத்தில் என் முகம் வெளுத்திருந்த அளவுக்கு இல்லை. காகிதத்தின் நடுவே வெறும் வெள்ளை. அதில் இரண்டு கண்கள், இரண்டு மூக்குத் துளைகள். உடையும் கையும் காற்றில் கரைந்திருந்தன. பின்னால் நீச்சல் எழுந்து வரவேயில்லை. அதே இருட்டு, அதே பற்கள். ஒரே ஒரு முன்னேற்றம், பற்கள் முன்பைவிடப் பளிச்சென்று இருந்தன.

இப்போது கரண்டியை மேஜை மேல் வைத்தது அம்மா.

"என் பொண்ணு எங்க?"

"காண்ட்ராஸ்ட் கொஞ்சம் கூடிடுச்சு," என்றார் அத்தை.

"கூடிடுச்சா? பொண்ணே ஆவியாயிட்டா! போன தடவை உங்க பையனை நாங்க மறைச்சோம்னு நினைச்சீங்க, அதுக்குப் பதிலுக்குப் பதிலா?"

"நான் ஏன் சம்பந்தி அப்படிச் செய்யப்போறேன்? உங்க வீட்டுக்காரர் என் பையனுக்கு வெளிச்சமே குடுக்கல. இல்லாததை நான் எப்படிக் கழுவி எடுக்கிறது? வாணலியில ஒண்ணும் போடாம அடுப்பை எவ்வளவு பெருசா எரிச்சாலும் கரியத்தான் செய்யும்."

"இவ்வளவு தெரிஞ்சவங்க அடுப்பை ஏன் பெருசா எரிச்சீங்க?"

அத்தை பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "தேதியை அவசரப்பட்டு வைக்க வேணாம். என் பையன் கண்ணுக்கே தெரியாத வீட்டுல அவனை எப்படி விடுறதுன்னு நானும் கொஞ்சம் யோசிக்கணும்."

நீச்சல் என்னைப் பார்த்தார். முதல் முறையாக அவர் பற்கள் தெரியவில்லை.

வாசல் படியில் நின்று அவரிடம் கேட்டேன். "உங்கம்மா நிஜமாவே சொல்றாங்களா?"

"அம்மா எக்ஸ்ரே பார்த்துச் சொன்னா நிஜமாத்தான் சொல்வாங்க." அவர் சட்டைப் பித்தானைத் திருகினார். "உங்கப்பாவுக்கு என்னைப் பிடிக்கலையா? சும்மா கேக்குறேன். ரெண்டு தடவையும் என்னைப் பார்த்துதான் 'சிரிங்க தம்பி'ன்னாரு. ஆனா அவர் பார்த்த மாதிரி இல்ல."

நான் அவர் கையைப் பித்தானிலிருந்து எடுத்துவிட்டேன்.

அடுத்த இரண்டு நாளும் அப்பா தன் மீதும் கேமராவின் மீதும் கோபத்தில் இருந்தார். "மீட்டர் பொய் சொல்லுது," என்று அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் மாலை வாசல் மணி அடித்தது. அத்தை நின்றார், பின்னால் நீச்சல்.

"சம்பந்தி, உங்க பழைய நெகடிவ் எல்லாத்தையும் எடுங்க," என்றார் அத்தை, உட்காரக்கூட இல்லை. "ஒரே நோயாளிக்கு ரெண்டு தடவை அதே கோளாறு வந்தா, பழைய படம் எல்லாத்தையும் வாங்கிப் பார்க்கணும். கேமராவுல கோளாறா, மீட்டர்லயா, தெரிஞ்சிடும்."

அப்பா பெட்டியைக் கொண்டுவந்தார். அத்தை கூடத்து ஜன்னலுக்கு நேரே நின்று ஒவ்வொரு பட்டையாகத் தூக்கிப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார். அம்மா கோபத்தை மறந்து பக்கத்தில் போய் நின்றாள். என் முதல் பிறந்தநாள். கடற்கரை. நான் சைக்கிள் ஓட்டியது. மாமாவின் புது வீடு. நான் பட்டம் வாங்கியது.

அத்தையின் முகத்தில், டாக்டரைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் ஒரு நர்ஸின் முகம் வந்தது.

"கேமராவுல ஒண்ணும் இல்ல," என்றார் கடைசியில். "மீட்டரும் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப?"

"இங்க பாருங்க. இந்தப் பொண்ணு எல்லாத்துலயும் அளவா விழுந்திருக்கா. நிழல்ல நின்னா நிழலுக்கு, வெயில்ல நின்னா வெயிலுக்கு. குழந்தையில இருந்து இது வரைக்கும் ஒரு படத்துல கூடத் தப்பல. மத்தவங்க..." அவர் ஒரு பட்டையை அம்மாவிடம் நீட்டினார். "இது நீங்கதானே? ஃபிலிம் வெறும் கண்ணாடி மாதிரி இருக்கு. ஒளியே படல. இது உங்க தம்பியா? அவரும் அப்படித்தான். சம்பந்தி, நீங்க மீட்டரை எங்க புடிப்பீங்க?"

அப்பாவுக்குக் கேள்வி புரியவில்லை. "எங்க புடிக்கிறதா? இவ முகத்துலதான்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

"கூட யார் இருந்தாலும்?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவை பார்ப்பது போல, ஜன்னலோரம் கிடந்த அத்தனை பட்டைகளையும் பார்த்தார்.

அம்மாதான் பேசினாள். "மீட்டரைக் குத்தம் சொல்லாதீங்கன்னு அப்பவே சொன்னேன். அதைப் புடிச்ச கைதான்." அவள் குரலில் கேலி இருந்தது, ஆனால் முழுக்கக் கேலி இல்லை.

அப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். நான் பின்னால் போனேன். அவர் எதிர்க் கட்டடத்தின் கண்ணாடி லிஃப்ட் மேலும் கீழும் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லிஃப்டுல ஒரு பலகை இருக்கும், பார்த்திருக்கியா?" என்றார். "எட்டு பேர்னு போட்டிருக்கும். ஆளுக்கு இவ்வளவு கிலோன்னு ஒரு சராசரி. உள்ள ஏறுறவன் குண்டனா ஒல்லியான்னு அதுக்குத் தெரியாது. மீட்டரும் அப்படித்தான், எவனைக் காட்டினாலும் சராசரி சாம்பல் நிறம்னு நினைச்சுக்கும். யாரைக் காட்டுறோமோ அவங்களுக்குத்தான் சரியா சொல்லும். இது எனக்குத் தெரியும்மா. நல்லாத் தெரியும்."

"தெரிஞ்சும்?"

"கை தானா உன்கிட்ட போயிடுது. நான் என்ன பண்ண?"

எனக்கு அழுகை வந்தது. அதைச் சிரிப்பாக மாற்றிக்கொள்ள மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு அதே படிகள், அதே வெயில், அதே உடை. தெருவில் இரண்டு மூன்று பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எங்கள் கல்யாணப் படம் அதற்குள் அக்கம்பக்கத்துக்குத் தொடர்கதையாகிவிட்டது. அப்பா மீட்டரோடு என்னை நோக்கி வந்தார். கை எழும்பியது. என் தாடைக்குப் பக்கத்தில் வந்து, அங்கேயே நின்றது.

பிறகு அவர் என்னைத் தாண்டி மேலே ஏறினார். ஒவ்வொரு படியும் ஒரு மாடி போல ஏறினார். நிழலுக்குள் போய், நுனிக்காலில் எம்பி, மீட்டரை நீச்சலின் கன்னத்தருகே கொண்டுபோனார். நீச்சல் பயந்து பின்வாங்கித் தலையைச் சுவரில் இடித்துக்கொண்டார்.

"அடிக்கல, பயப்படாதீங்க," என்றார் அப்பா. "குனிங்க. எட்டல."

நீச்சல் குனிந்தார். அப்பா முள்ளைப் பார்த்தார். பிறகு மீட்டரை இறக்கிவிட்டு அந்த முகத்தையே பார்த்தார். நெற்றி, மூக்கு, தாடையில் சவரம் செய்யும்போது விழுந்த சின்ன வெட்டு. அளக்கத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"சம்பந்தி!" அத்தை கீழே இருந்து கூப்பிட்டார். "அப்படியே எடுத்துடாதீங்க. மீட்டர் அவனைச் சாம்பலாக்கிடும். என் பையன் நிறம் என் பையன் நிறமாவே வரணும்."

"தெரியும்மா. மீட்டர் சொல்றதைவிட வெளிச்சத்தை ஒரு அளவு குறைச்சுக்கிறேன்."

"அப்படியும் பொண்ணு மேல வெளிச்சம் கொட்டுமே?"

"கொட்டும். அதுக்கு நீங்கதான் வழி பண்ணணும். கழுவும்போது கம்மியா ஊறவைக்கணும். வெந்நீர் கூடாது."

அத்தை ஒரு கணம் யோசித்தார். இத்தனை காலத் தொழில் கௌரவம் முகத்தில் வந்து போயிற்று. "சரி," என்றார். "பச்சைத்தண்ணி. சீக்கிரமே எடுத்துடலாம். நிழலுக்கு நீங்க தாராளமா குடுங்க, வெள்ளையை நான் வேகவிடாம பார்த்துக்கிறேன்."

"சிரிங்க மாப்ள," என்றார் அப்பா கேமராவுக்குப் பின்னால் போய். "வாயை மூடிக்கிட்டே சிரிங்க. பல்லை எல்லாரும் பார்த்தாச்சு."

ஃபிலிம் காய்ந்த பிறகு அத்தை அதை ஜன்னலில் பிடித்துப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுவே நல்ல செய்தி. எடுத்த ஆறில் ஐந்தில் எங்களில் யாராவது ஒருவர் கண் மூடியிருந்தது. ஆறாவது மட்டும்தான் சரி என்றார். அதைக் காகிதத்தில் போடும்போது ஒருவரையும் வெளியே நிறுத்த முடியவில்லை. சிவப்பு விளக்கில் ஐந்து பேரும் குளியலறைக்குள் நெருக்கியடித்து நின்றோம். நீச்சல் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் சொருகப்பட்டிருந்தார்.

அப்பா காகிதத்தைத் தட்டில் நழுவவிட்டு மெல்ல ஆட்டினார். இருட்டானவைதான் முதலில் எழும்பும். கோட்டு வந்தது. தலைமுடி வந்தது. பிறகு, நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்திருக்க, ஒரு முகம் வந்தது: கன்னமும் நெற்றியும், வெட்டுப்பட்ட தாடையும், கொஞ்சம் பயந்த, கொஞ்சம் சந்தோஷமான கண்களும். எனக்கு மிகவும் பிடித்த முகம். நான் இன்னும் வரவேயில்லை. அவருக்கு முன்னால் வெற்றுக் காகிதமாக இருந்தேன். அப்பா தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் கண் என் இடத்தை விட்டு நகரவில்லை. மெதுவாக, கடைசியாக, நானும் வந்து நீச்சலின் பக்கத்தில் சேர்ந்தேன், மடிப்பு மடிப்பாக.

"அம்மாடி," என்றார் அத்தை. "ரெண்டு பேரும் இருக்காங்க. மண்டபத்துக்கு நாளைக்கே சொல்லிடுறேன்."

நீச்சல் இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்தார். பிடித்தது அப்பாவின் கை என்று பிறகு தெரிந்தது. அப்பா விடுவித்துக்கொள்ளவில்லை.

"அது யாரு?" என்றாள் அம்மா திடீரென்று.

எல்லோரும் குனிந்தோம். படத்தில் எங்களுக்குப் பின்னால் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அப்பா நிழலுக்குத் தாராளமாகக் கொடுத்த வெளிச்சம், கதவுக்குள்ளும் தாராளமாகப் போயிருந்தது. அங்கே, பழைய வீட்டு உடையில், தலை முழுக்கச் சாயம் பூசி அதன் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, கையில் கரண்டியோடு, வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு ஒரு பெண்மணி நின்றார்.

"ஐயோ!" அம்மா அலறினாள். "நான்தான் தெரியமாட்டேனே! எப்பவும் தெரியமாட்டேனே!"

"ஒவ்வொரு சுருக்கமும் தெரியுது," என்றார் அத்தை, தொழில் பெருமை தாங்காமல். "பையில எழுதியிருக்கிற கடைப் பெயர் கூடப் படிக்கலாம்."

"வெட்டுங்க! என்னங்க, அந்தப் பக்கத்தை வெட்டி எறிங்க!"

"வெட்டுனா மாப்பிள்ளை தோள் போயிடும்," என்றார் அப்பா. காகிதத்தை எடுத்து அடுத்த தட்டில் போட்டார். அம்மாவின் பக்கமாகத் திரும்பவில்லை. படத்தில் இருந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது மட்டும் இல்ல. இத்தனை வருஷத்துல இப்பதான் நீ நல்லா விழுந்திருக்க. நான் வெட்டமாட்டேன்."

அம்மா தட்டின் மேல் குனிந்து, அந்தப் பிளாஸ்டிக் பைக்காரியை இன்னொரு முறை நன்றாகப் பார்த்தாள்.

"மூக்கு பரவாயில்ல," என்றாள் கடைசியில். "சரி, இருக்கட்டும். ஆனா கார்டுல கீழ ஒரு வரி போட்டுடுங்க: பின்னால நிக்கிறது பொண்ணோட அம்மா. இல்லாட்டி சமையலுக்கு வந்தவங்கன்னு நினைச்சு, சம்பந்தி வீட்டுச் சொந்தக்காரங்க எல்லாம் என்கிட்ட வந்து சாப்பாடு எப்பன்னு கேப்பாங்க."